மாதம் 3,000 ரூபாவுடன் வில்லுக்கத்திச் சேகரிப்பு: எங்கிருந்து தொடங்கலாம்?

நாவற்குழியான் | ஓகஸ்ட் 4

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை செய்கிறேன். வீட்டுச் செலவும் சீட்டுக்காசும் போக, மாதம் 3,000 ரூபா வரையில் எனக்கென்று மிஞ்சுகிறது. என் பெரியப்பாவிடம் ஒரு வில்லுக்கத்தி, அதாவது வில் வைத்த மடக்குக்கத்தி, இருந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தோலை அறாமல் ஒரே சுருளாகச் சீவி முடித்து, அலகை வேட்டி நுனியில் துடைத்து, 'டக்' என்று அவர் மடிக்கும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஓசைக்காகவே இப்படியான கத்திகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை பல வருடங்களாக உண்டு.

சென்ற வாரம் இணையக் கடையொன்றில் ஆறு மடக்குக்கத்திகளைச் சேர்த்து 4,500 ரூபாவுக்குத் தருவதாக ஒரு விளம்பரம் கண்டேன். அலகுகளில் நீரலை போன்ற கோலம் ஓடுகிறது. பிடிகள் பல நிறங்களில் இருக்கின்றன. ஒரே தடவையில் ஆறு கத்திகள் சேர்ந்தால் நல்ல தொடக்கமாகும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா, அல்லது காசைப் பிடித்து வைக்கலாமா?

ஆடாதோடை | ஓகஸ்ட் 4

தம்பி, அந்தக் காசைப் பிடித்து வையுங்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே மாதிரியான ஒரு கட்டை நான் வாங்கினேன். விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை. முதல் நாள் தேசிக்காய் வெட்டிக் கழுவித் துடைத்தபோதே நீரலைக் கோலம் மங்கத் தொடங்கியது, ஏனெனில் அது இருவகை உருக்கை மடித்து அடித்ததால் வந்த கோலம் அல்ல, மேற்பரப்பில் பதித்த வெறும் படம். ஒரு மாதத்தில் இரண்டு கத்திகளின் அலகுகள் பிடிக்குள் ஆடத் தொடங்கின. ஒன்றின் பூட்டு கையில் வைத்திருக்கும்போதே விட்டுவிட்டது. நல்ல வேளையாக விரல் தப்பியது. ஆறும் இப்போது பழைய பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் கிடக்கின்றன. யாராவது இலவசமாகக் கேட்டாலும் கொடுக்க மனம் வரவில்லை.

பனையடி | ஓகஸ்ட் 5

நாவற்குழித் தம்பிக்கு வணக்கம். நான் தொழிற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கத்தி சேர்க்கிறேன். என்னிடம் இருப்பவை 63. அவற்றில் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கியவை பத்தும் தேறாது. மற்றவை உறவினர்கள் கொண்டுவந்தவை, பழைய வீடுகளின் லாச்சிகளிலிருந்து வந்தவை, பண்டமாற்றாகக் கிடைத்தவை. ஆகவே 3,000 ரூபா போதாது என்று நான் சொல்லப் போவதில்லை, ஆனால் அதை ஒவ்வொரு மாதமும் செலவழித்தே ஆக வேண்டும் என்று எண்ணாதீர்கள். இரண்டு மாதம் சும்மா இருந்து மூன்றாம் மாதம் ஒரு கத்தி வாங்குவதே என் வழக்கமாக இருந்தது.

முதலில் ஒரு வேலி போடுங்கள். 'எல்லா மடக்குக்கத்திகளும்' என்று தொடங்குபவர் இரண்டு வருடத்தில் களைத்துப்போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். பூட்டில்லாத, பிடியின் முதுகிலுள்ள உருக்கு வில்லின் இறுக்கத்தால் மட்டும் அலகு நிற்கும் பழைய கத்திகள் என்று ஒருவர் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாட்டுக் கத்திகள் என்று இன்னொருவர் வைத்துக்கொள்ளலாம். எனக்கு முன்பு தெரிந்த ஒரு தபாலதிபர் 7 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகுள்ள எதையும் தொடமாட்டார். அவரது முழுச் சேகரிப்பும் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் அடங்கியது, பார்க்கப் பார்க்க அலுக்காது.

அடுத்தது, கையில் எடுத்துப் பார்க்கும் முறை. அலகைத் திறந்து முதுகுப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் பொருத்தம் சரியில்லை. திறந்த நிலையில் அலகை இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் அலகைப் பிடியோடு இணைக்கும் தறையாணியின் தளர்ச்சி தெரியும், மேலும் கீழும் அசைத்தால் வில்லின் சோர்வு தெரியும். பாதி திறந்த நிலையிலிருந்து அலகு தானாகப் பாய்ந்து நிற்க வேண்டும். நீங்கள் சொன்ன 'டக்' அங்கேதான் பிறக்கிறது, அதை வில்லின் இறுக்கமும் அலகடியின் வடிவமும் சேர்ந்து உண்டாக்குகின்றன. பிறகு மூடிப் பாருங்கள். நுனி பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்தால், அலகு தீட்டித் தீட்டித் தேய்ந்திருக்கிறது அல்லது யாரோ வேறு அலகு மாற்றியிருக்கிறார்கள்.

பழைய கத்திகளில் அலகின் அடியில் இருக்கும் முத்திரைதான் பிறப்புச் சான்றிதழ். அதைப் படிப்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். எங்கள் ஊரில் பிரித்தானியர் காலத்துக் கத்திகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்தவை. அங்கே ஜோசப் றொஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்ற்றா சிலுவையும். அந்த அடையாளம் 1764 இல் பதிவானது. சில கத்திகளில் கிரீடத்தின் இருபுறமும் ஆளும் மன்னரின் எழுத்துகள் இருக்கும். 'வி', 'ஆர்' என்றால் விக்ரோறியா காலம், ஆகவே 1901 இற்கு முன். 'ஜி', 'ஆர்' என்றால் ஜோர்ஜ் மன்னர்கள் காலம், பெரும்பாலும் 1910 இற்குப் பின். 'ஸ்ரெயின்லெஸ்' என்று பொறித்திருந்தால், யார் என்ன கதை சொன்னாலும் அது 1913 இற்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனெனில் ஹரி பிறியார்லி செபீல்டில் அந்த உருக்கை உருவாக்கிய ஆண்டு அது. 'மேற்கு ஜேர்மனி' என்றிருந்தால் 1949 இற்கும் 1990 இற்கும் இடைப்பட்டது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்துக்குப் பின்னர்தான் ஏற்றுமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலானது. ஆனால் நாட்டின் பெயர் இல்லாத கத்திகள் எல்லாம் அதற்கு முந்தியவை என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் அந்த எழுத்து விடுபட்டிருக்கலாம்.

றொஜர்ஸ் பெயர் அக்காலத்தில் பெரிதாக விலைபோனதால் அதற்குப் போலிகளும் நிறைய இருந்தன. எழுத்துகளின் வெட்டு ஆழமில்லாமல், வரிசை கோணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்குவதற்கு முன்பு உங்கள் சொந்தத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அந்தப் பெரியப்பாவின் கத்தி இப்போது எங்கே?

நாவற்குழியான் | ஓகஸ்ட் 5

ஐயா, மிகவும் நன்றி. ஆறு கத்திக் கட்டை விட்டுவிட்டேன். பெரியப்பா காலமாகிப் பதினொரு வருடங்கள். கத்தி எங்கே என்று இதுவரை யாரையும் கேட்டதில்லை. பெரியம்மா சாவகச்சேரியில் மகளுடன் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

சூரிச் மச்சான் | ஓகஸ்ட் 6

சுவிற்சர்லாந்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் ஊருக்கு வரும்போது சொக்கிலேற்றுடன் கொண்டுவரும் அடுத்த பொருள் சிவப்புப் பிடியுள்ள சுவிஸ் இராணுவக் கத்திதான். ஆகவே யாழ்ப்பாணத்தில் எத்தனை அலுமாரிகளுக்குள் அவை பெட்டியோடு தூங்குகின்றன என்பதை நினைத்தால் பெருமூச்சு வருகிறது. தம்பி அங்கே தேடுவதற்கு முன்பு சில விடயங்களைத் தெரிந்திருப்பது நல்லது.

கார்ல் எல்சனர் என்பவர் 1884 இல் சுவிஸ் மாநிலமான ஸ்வீற்ஸின் ஈபாக் ஊரில் பட்டறை தொடங்கினார். சுவிஸ் இராணுவத்துக்கான முதல் கத்திகளை ஜேர்மனியின் சோலிங்கனில் செய்விக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அந்த அளவில் செய்து கொடுக்க அப்போது சுவிஸில் ஆள் இல்லை. எல்சனர் 1891 இல் அந்த வேலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் அறிந்த அதிகாரிகள் கத்தி 1897 இல் பதிவானது. தாயார் விக்ரோறியா 1909 இல் இறந்தபின் அவர் பெயரை வணிகப் பெயராக்கினார். துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' 1921 இல் அதனுடன் சேர்ந்து 'விக்ரோறினொக்ஸ்' ஆனது.

குறைந்த காசில் தொடங்குபவருக்கு 58 மில்லிமீற்றர் நீளமுள்ள 'கிளாசிக்' கத்தி நல்லது. சிறு அலகு, கத்தரிக்கோல், நக அரம், பற்குச்சி, சாமணம் ஆகியவை அதில் உள்ளன. இங்கே புதிதாக ஏறத்தாழ 20 முதல் 25 பிராங் வரை போகிறது. அது உங்களுடைய இரண்டு மூன்று மாதச் சேமிப்பு என்பது தெரியும். ஆனால் 'புறொக்கி' எனப்படும் பழைய சாமான் கடைகளில் அதே கத்தியைச் சில பிராங்குக்கே எடுத்திருக்கிறேன். ஊருக்கு வரும் உறவினரிடம் சொல்லி வையுங்கள்.

உண்மையாகச் சேர்க்க வேண்டியது பழைய போர்வீரர் கத்தி. 1961 முதல் 2008 வரை இராணுவத்துக்குச் செய்த அலுமினியப் பிடியுள்ள 93 மில்லிமீற்றர்க் கத்திகளில் அலகடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 78 என்றிருந்தால் 1978. பிறந்த ஆண்டுக் கத்தி, கலியாண ஆண்டுக் கத்தி என்று தேடித் திரிபவர்கள் இங்கே உண்டு. நானும் அவர்களில் ஒருவன். 'வெங்கர்' என்ற பெயரைக் கண்டாலும் விடாதீர்கள். அந்த நிறுவனத்தை 2005 இல் விக்ரோறினொக்ஸ் வாங்கியது. இப்போது அந்தப் பெயரில் கத்தி வருவதில்லை.

போலியைக் கண்டுபிடிக்கச் சிலுவைச் சின்னத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதை எவரும் அச்சடிக்கலாம். கத்தரிக்கோலால் ஒரு மெல்லிய நூலை வெட்டிப் பாருங்கள். போலி நூலை மடித்துக் கடிக்கும். உண்மையானது நுனிவரை சுத்தமாக வெட்டும்.

கொக்குவில் வாசகன் | ஓகஸ்ட் 9

என் அக்கா பாரிஸில் இருக்கிறார். அங்கே 'ஒப்பினெல்' என்ற மரப்பிடிக் கத்தி மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். அதைக் கொண்டுவரச் சொல்லலாமா? நாவற்குழியானின் இழைக்குள் என் கேள்வியையும் நுழைப்பதற்கு மன்னிக்கவும்.

பனையடி | ஓகஸ்ட் 9

தாராளமாகச் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவரை, குறைந்த விலைக்கு இவ்வளவு வரலாறு தரும் கத்தி வேறில்லை. ஜோசப் ஒப்பினெல் 1890 இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் செய்யத் தொடங்கியது. ஒரு மரத்துண்டு, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், அவ்வளவுதான். அந்தப் பூட்டு வளையம் 1955 இல் சேர்ந்தது. 1 முதல் 12 வரை இலக்கமிட்டிருந்தார்கள். பிறகு 1ஐயும் 11ஐயும் கைவிட்டார்கள். 8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர். அங்கே 10 முதல் 15 யூரோவுக்குள் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பவருக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. காபன் உருக்கு அலகு, துருப்பிடிக்காத அலகு என இரண்டு வகையிலும் வருகிறது. எனக்குக் காபன்தான் பிடிக்கும். தீட்ட இலகு, கூரும் இனிமையானது. ஆனால் எங்கள் உப்புக் காற்றில் ஒரே இரவில் கறள் பூக்கும். அதனால் வெட்டிய மாம்பழத்துக்கும் இரும்பு வாசம் வரும். தினமும் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர் துருப்பிடிக்காததையே கேட்க வேண்டும். மற்றது பிடி. பீச் (beech) மரம் மாரிகாலத்து ஈரத்தில் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். பூட்டு வளையத்தைத் திருப்பி விட்டு, பிடியின் பின்முனையை மேசையில் மெதுவாகத் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். சவோய் மலைவாசிகளும் அப்படித்தான் திறப்பார்களாம். மழை விட்டதும் பிடி தானாகச் சுருங்கிவிடும். என்னுடையதற்குத் தேன்மெழுகு தேய்த்த பிறகு தொல்லை பெரிதும் குறைந்தது.

இதே எளிமையை விரும்புபவர்கள் ஜப்பானின் மிக்கி நகரத்து 'ஹிகோனோகாமி'யையும் பாருங்கள். மடித்த பித்தளைத் தகடுதான் பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீளும் ஒரு சிறு வாலைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிரான்சில் 1929 முதல் வரும் 'டுக் டுக்' கத்தியின் பிடியும் மடித்த தகடுதான், ஆனால் அதற்குள் வலிமையான ஒரு வில் இருக்கிறது. விரலை இடையில் வைத்தால் இரக்கம் காட்டாது.

உலைக்களம் | ஓகஸ்ட் 12

வாசித்துக்கொண்டு வந்தேன், சுவிஸ், பிரான்ஸ், ஜப்பான் எல்லாம் வந்துவிட்டன. ஊர்க் கொல்லர் எங்கே? நான் அந்தத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன். என் அப்பா பழைய லொறிகளின் வில்லுத்தகட்டை உலையில் போட்டு அடித்துச் செய்த பாளைக்கத்திகள் சீவல் தொழிலாளரின் இடுப்பில் இருபது வருடம் நின்று உழைத்தன. பனையோலை வார்வதற்கான சத்தகத்தை விடக் கையடக்கமான கத்தி உலகில் உண்டா? இவற்றுக்கு ஒரு பிராங்கும் தேவையில்லை. குறைந்த காசில் சேகரிப்பு என்றால் முதலில் இவையல்லவா வர வேண்டும்?

பனையடி | ஓகஸ்ட் 12

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நான் உடன்பட மாட்டேன். பாளைக்கத்தியும் சத்தகமும் மடியாதவை. மடக்குக்கத்திகளுக்கிடையில் அவற்றை வைத்தால் இரண்டுக்கும் மரியாதை குறையும். பாளைக்கத்தி, சத்தகம், பாக்குவெட்டி, கொடுவாக்கத்தி என்று தனியே ஒரு சேகரிப்பைத் தொடங்குபவர் இருந்தால், அவரிடம் இருக்கப்போவது என்னுடையதைவிடப் பெறுமதியானது, ஏனென்றால் செபீல்ட் கத்திக்கு நூல்கள் இருக்கின்றன, எங்கள் கொல்லர்களின் வேலைக்கு யாரும் பட்டியல் எழுதி வைக்கவில்லை. நீங்களே அதைச் செய்யுங்கள்.

அதே நேரத்தில் எங்களுக்கென்று ஒரு மடக்குக் கருவி இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஏட்டில் எழுதிய காலத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூன்று வகை இருந்தன. மடக்கெழுத்தாணியில் எழுதும் ஊசியும் ஓலை நறுக்கும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடிந்து கிடக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். ஆங்கிலேயர் இறகுப் பேனாவைச் சீவுவதற்கு வைத்திருந்த கத்திக்குத்தான் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது. எழுதுபவனுக்கு எழுதுகோலோடு ஒரு கத்தியும் வேண்டும் என்ற தேவை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் நாங்கள் இரண்டையும் ஒரே பிடிக்குள் வைத்திருந்தோம். என் 63இல் அது ஒன்றுதான் இல்லை. சுன்னாகத்தில் ஒரு வைத்தியர் வீட்டில் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கேட்க வாய் வரவில்லை.

உலைக்களம் | ஓகஸ்ட் 13

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவின் கத்திகள் நான்கு வீட்டில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பட்டியலைத் தொடங்குகிறேன்.

தம்பிக்கு ஒரு தொழில் எச்சரிக்கை. பழைய கத்தி கிடைத்ததும் சாணை பிடிப்பவரின் மின்சாரச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். சக்கரம் ஒரு நிமிடத்தில் தின்னும் உருக்கைக் கையால் தீட்டுபவர் பத்து வருடத்திலும் தேய்க்க மாட்டார். அலகின் விளிம்பு நீலமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்; பிறகு எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. ஸ்ரான்லி வீதி இரும்புக் கடைகளில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நொய்யாகவும் இருக்கும் தீட்டுக்கல் கிடைக்கும். உங்கள் முதல் மாதக் காசு அதற்குப் போகட்டும். கையைப் பழக்க அந்த அக்காவின் பிஸ்கற் பேணிக் கத்திகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஆடாதோடை | ஓகஸ்ட் 13

தருகிறேன், ஆறையும். கடைசியில் அவற்றுக்கும் ஒரு பயன் வந்துவிட்டது!

கறுப்புக் கோட்டு | ஓகஸ்ட் 15

சட்டத்துறையில் இருப்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சில சொற்கள். சேகரிப்பு வீட்டில் இருக்க வேண்டிய பொருள். கோயில் திருவிழாவுக்கோ நீதிமன்ற வளாகத்துக்கோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், பொலிஸ் சோதனையில் "நான் சேகரிப்பாளன்" என்று விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாகாதீர்கள். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகளை அடியோடு தவிர்த்துவிடுங்கள். விமானத்தில் வருபவர் கத்தியைக் கைப்பையில் வைத்தால் அது சோதனை மேசையோடு போய்விடும். ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பலாலிக்கு வந்தாலும் கட்டுநாயக்கவுக்கு வந்தாலும் இதுதான் நிலை.

இலண்டனில் உள்ள உறவினரிடம் வாங்கச் சொல்பவர்களுக்கு: அங்கே பாயும் கத்திகள் 1959 இலிருந்து தடை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கொண்டுதிரியக்கூடியது, பூட்டில்லாததும் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாததுமான மடக்குக்கத்தி மட்டுமே. ஒப்பினெலின் வளையம் ஒரு பூட்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

மடக்கெழுத்தாணி பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 இற்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. உரிமம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கனடாவில் இருக்கும் மருமகனுக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டுப் பிறகு என்னிடம் வராதீர்கள்.

நாவற்குழியான் | நவம்பர் 16

மூன்று மாதங்களுக்குப் பிறகு வருகிறேன். முதல் மாதம் தீட்டுக்கல் வாங்கினேன். ஆடாதோடை அக்காவின் ஆறு கத்திகளில் நான்கைத் தீட்டியே கெடுத்தேன். ஐந்தாவது கடதாசியை வெட்டியது. ஆறாவது மயிரை வழித்தது. இப்போது மணிக்கட்டைச் சாய்க்காமல் ஒரே கோணத்தில் இழுக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒக்ரோபரில் ஒன்றுவிட்ட அண்ணா பேர்ணிலிருந்து வந்தபோது ஒரு பழைய போர்வீரர் கத்தி கொண்டுவந்தார். 84 என்று பொறித்திருக்கிறது. நான் பிறந்தது 95. ஆனாலும் அண்ணா பிறந்த ஆண்டு அது என்பதால் அவர் அதைத் திரும்பக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய செய்தி: பெரியப்பாவின் கத்தி இருக்கிறது. பெரியம்மா அதை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், தோல் உறையோடு வைத்திருந்தார். இரண்டு அலகுகள். பெரிய அலகு பாதிவரை சிவந்து கிடக்கிறது. பிடி கொம்பு என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தில் நூல்போல வெடிப்பு. முத்திரையில் நட்சத்திரமும் சிலுவையும் தெரிகின்றன; கிரீடத்துக்கு இடப்புறம் 'ஜி', வலப்புறம் தேய்ந்துவிட்டது. இன்னும் என் கைக்கு வரவில்லை. படம் எடுக்க மட்டும் விட்டார். கிடைத்தால் எப்படிச் சுத்தம் செய்வது? புதிதுபோல மினுக்கலாமா? வெடித்த பிடியை மாற்றலாமா?

சூரிச் மச்சான் | நவம்பர் 16

அண்ணா திரும்பக் கேட்பார். நான் கேட்டிருப்பேன்.

பனையடி | நவம்பர் 17

தம்பி, படத்தில் தெரிவதை வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் வெட்டு ஆழமாக இருக்கிறது. போலி என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 'ஜி' என்பதால் பெரும்பாலும் 1910 இற்குப் பிந்தியது. 'ஸ்ரெயின்லெஸ்' என்ற சொல் இல்லை, அலகும் சிவந்திருக்கிறது, ஆகவே காபன் உருக்கு. பெரியப்பாவே புதிதாக வாங்கினாரா, அவருடைய தகப்பனாரிடமிருந்து வந்ததா என்பதைப் பெரியம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். முத்திரை சொல்லாததை அவர்தான் சொல்ல முடியும்.

மினுக்க வேண்டாம். தோல் உறையிலிருந்து இன்றே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். தோல் பதனிடும் பொருளும் ஈரமும் சேர்ந்துதான் அந்தச் சிவப்புக் கறளைக் கொண்டுவந்தன. பித்தளை இருந்தால் களிம்பும் பிடித்திருக்கும். மூட்டிலும் அலகிலும் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். போகாத இடத்தை மூங்கிற் குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம். மண்தாள் கூடாது, இரசாயனமும் கூடாது. சிவப்பு போன பின்னர் அடியில் சாம்பல் நிறம் தெரியும். அது கறள் அல்ல. வருடக்கணக்காக மாம்பழமும் தேசிக்காயும் வெட்டி வந்த நிறம், அலகுக்கு அது ஒரு காவலும்கூட. நல்லெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி மூட்டை இறுக்கும். தேங்காயெண்ணெய் கெட்டு நாறும். பழம் வெட்டுவதற்கு முன்பு இயந்திர எண்ணெயைச் சவர்க்காரத்தால் கழுவிவிடுங்கள்.

பிடியை மாற்றவே வேண்டாம். கொம்பு காய்ந்து வெடிப்பது இயல்பு. இன்னொரு விடயம், உங்கள் மற்றக் கத்திகளில் பழைய செலுலொயிட் (ஆரம்பகாலப் பிளாஸ்ரிக்) பிடியுள்ளது ஏதாவது வந்தால் அதைத் தனியாக வையுங்கள். அது சிதையும்போது வரும் அமில ஆவி, பக்கத்தில் உள்ள கத்திகளையும் அரித்துவிடும். என் இரண்டு நல்ல சோலிங்கன் கத்திகளை அப்படித்தான் இழந்தேன்.

ஆடாதோடை | நவம்பர் 17

ஐயா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு: எழுதி வைத்தால் போதாது, அதைப் பாவிக்க வேண்டும். நாற்பது வருடம் மாம்பழம் சீவிய கத்தியைப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்தால் பெரியப்பாவுக்கே பிடிக்காது.

பனையடி | நவம்பர் 17

பெரிய அலகு நாற்பது வருடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தங்கச்சி. இன்னும் ஐந்து வருடம் தீட்டினால் நுனி பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சின்ன அலகைப் பாவிக்கட்டும், பெரியது ஓய்வெடுக்கட்டும். இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

நாவற்குழியான் | நவம்பர் 25

நேற்று மழைக்குள் சாவகச்சேரிக்குப் போய் வந்தேன். கத்தியைப் பெரியப்பாவுக்கு அவருடைய மாமனார், அதாவது பெரியம்மாவின் தகப்பனார், கலியாணத்தின் அடுத்த நாள் கொடுத்தாராம். அவர் புகையிலை வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போய் வந்தவர். அங்கே வாங்கியிருக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன்.

தருவதற்கு அவர் சம்மதித்தார், ஆனால் கையில் தரவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். மேசையில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். இன்று காலை துடைத்து, சின்ன அலகால் ஒரு கொய்யாப்பழம் வெட்டி மடித்தேன். ஓசை நான் நினைத்திருந்ததைவிடச் சற்று மெதுவாகத்தான் வந்தது. எண்ணெயினால் இருக்கலாம். இந்த மாதச் சேகரிப்புச் செலவு, பேருந்துக் காசு நீங்கலாக, தையல் இயந்திர எண்ணெய் ஒரு போத்தல்.